லயத்துப் பிள்ளையும் சபையும்

பதுளை மாவட்டத்தின் தென்பகுதியில், மலைநாடு தாழ்ந்து வெல்லவாயைச் சமவெளியை நோக்கி இறங்கும் சரிவிலே, கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்த என்னும் தேயிலைத் தோட்டம் உளது. தியலும நீர்வீழ்ச்சியைக் காணப் போகின்றவர்கள் அதன் அயலால் கடந்து செல்வர். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில், பெருமழையில் ஊறிப்போயிருந்த மலைச்சரிவு பெயர்ந்து அத்தோட்டத்து லயங்களின் மீது இறங்கிற்று. வரிசையாக இருந்த காம்பராக்களும் கோயிலும் பாதையும் சேற்றுக்குள் மறைந்தன. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினர். ஆயினும், அவர்களிற் சிலர் திரும்பி வந்தபோது அவர்களை அழைத்துக்கொள்ளத் தாயுமில்லை, தந்தையுமில்லை.

மலை சரிந்தது ஒரு கணத்தில். அது சரியக்கூடும் என்ற செய்தியோ பல ஆண்டு பழையது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும், மீண்டும் 2011 ஆம் ஆண்டிலும், அவ்விடம் குடியிருப்புக்குப் பாதுகாப்பானதன்று என எச்சரித்திருந்தது. எச்சரிக்கை அறிவியலாளரின் வாயிலிருந்து புறப்பட்டது. அதிகாரிகளின் மேசையை அடைந்தது. லயத்து வாசலிலும் ஒருவாறு வந்து நின்றது. ஆனால், “நாங்கள் எங்கே போவது? எந்த நிலத்தில் வீடு கட்டுவது? எந்தத் திகதிக்குள்?” என்ற மறுகேள்வி, வந்த வழியே திரும்பிப் போய் விடையோடு மீண்டு வரவில்லை.

பேச்சுக் கலையைக் கற்பிப்பது பற்றிய உரையை இத்துயர நிகழ்ச்சியோடு தொடங்குவது பொருந்துமோ என்று நேயர்களிற் சிலர் ஐயுறக்கூடும். பேசத் தெரியாமையாலேதான் மக்கள் மாண்டனர் என்று சொல்வது அநியாயமான சொல்லாகும். சொந்த நிலமில்லாதவன், வேலையோடு பிணைந்த காம்பராவை விட்டு எங்கே போவான்? பழி சொல்லற்றவன் மேல் விழக்கூடாது. ஆயினும் இன்னொன்றும் உண்மை. தோட்டத்து மக்களின் சொல் நெடுங்காலமாகப் பிறர் வாயினாலேயே காரியாலயத்தை அடைந்து வந்திருக்கிறது. முதலில் கங்காணி பேசினார்; பின்னர்க் கணக்கப்பிள்ளை பேசினார்; அதன் பின்னர்ச் சங்கத்துத் தலைவர் பேசினார். பேசியவர்களிற் பலர் நல்லவர்களே. ஆனால் காம்பராவுக்குள் ஒழுகும் நீரை இரவு முழுவதும் வாளியில் ஏந்தியவள் பேசவில்லை. அவளுடைய பதினைந்து வயது மகளும் பேசவில்லை. அந்த மகளுக்குப் பேசக் கற்பிப்பது எங்ஙனம் என்பதே இங்கே ஆராயப்படும் பொருள்.

பள்ளிக்கூடம் அதனைக் கற்பியாதா என்று கேட்கலாம். தோட்டப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு எளிதிற் கேளார். ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்பதே நெடுங்காலம் அதன் உருவமாயிருந்தது. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசாங்கம் அப்பள்ளிக்கூடங்களைப் பெருமளவில் ஏற்கத் தொடங்கிற்று. ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலே தங்கிய பெண்பிள்ளைகளும், கொழும்புக் கடைகளுக்குப் போன ஆண்பிள்ளைகளும் எண்ணற்றவர். 5 முதல் 14 வயது வரை பள்ளி வரவு கட்டாயம் என்ற விதி 1998 இல் நடைமுறைக்கு வந்தது. 2016 இல் அவ்வெல்லை 16 ஆக உயர்ந்தது. சட்டம் வந்தமை நன்று. ஆயினும், மழைக்காலத்தில் மலைப்பாதையில் நடந்து போகவேண்டிய பிள்ளையின் கல்வியில் ஒரு பங்கு இன்றும் வீட்டிலேதான் நடக்கிறது.

பின்னர் 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தொற்றுநோய் காரணமாக நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அதுவரை சிலருக்கு மட்டும் உரியதாயிருந்த வீட்டுக் கல்வி யாவர்க்கும் உரியதாயிற்று. கைத்தொலைபேசிக்கு அலை கிட்டாத மலைப்பகுதிகளில் பிள்ளைகள் பாறை மீதேறியும் காட்டோரத்தில் குந்தியிருந்தும் பாடங் கேட்ட காட்சி, பதுளை மாவட்டத்திலிருந்து உலகப் பத்திரிகைகளுக்கெல்லாம் போயிற்று. அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள், எழுதினார்கள், படம்பிடித்து அனுப்பினார்கள். ஒன்று மட்டும் செய்யவில்லை. எழுந்து நின்று பத்துப் பேர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

வீட்டிலே கற்கும் பிள்ளைக்குப் பேச்சு விடயத்தில் ஒரு தனி இடையூறு உண்டு. அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் மிகப் பல; சட்டமும் அதற்கு இடந்தருகிறது. அக்குடும்பங்கள் 1990களில் தம் பிள்ளைகளுக்கெனத் தனியே விவாதப் போட்டிகளை ஏற்படுத்திக்கொண்டன. காரணம் எளிது. வீட்டார் பிள்ளையை மிக நன்றாக அறிவர். அவன் பாதி சொன்னால் மீதியைத் தாய் நிரப்பிக்கொள்வாள். “அது அங்க இருக்குல்ல, அதத்தான்” என்றால் வீட்டுக்கு அது முழு வாக்கியம். பிரதேச செயலகத்திலோ அது வாக்கியமே அன்று. அன்பினால் நிரப்பப்படும் பேச்சு என்றும் அரைப்பேச்சாகவே நின்றுவிடுகிறது. ஆகவே வீட்டிலே பேச்சுக் கற்பிப்பவர் செய்யவேண்டிய முதற் காரியம், பிள்ளையை அறியாத ஒரு செவியைத் தேடிக் கொணர்தலாகும்.

இவ்வகையில் லயம் என்னும் அந்தப் பழைய கட்டிடத்துக்கு, அதன் கேடுகள் அத்தனைக்கும் நடுவே, ஒரே ஒரு வசதி உண்டு. பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் இஸ்தோப்புக்கள் ஒரே வரிசையில் கிடக்கின்றன. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவர்கள் அங்கே அமர்கிறார்கள். கேட்போர்க்குப் பஞ்சமில்லை. ஓர் இஸ்தோப்பிலிருந்து ஐந்தாவது இஸ்தோப்புக்குக் கேட்கும்படி பேசப் பழகியவனுக்கு எந்த மண்டபமும் பெரிதன்று.

பேச்சு என்பது மலையக மக்களுக்கு வெளியிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுக்கவேண்டிய பொருளுமன்று. மாசி மாதத்தில் தோட்டங்களிலே நடக்கும் காமன் கூத்தை நினைத்துப் பார்க்கலாம். அமாவாசைக்குப் பின் கம்பம் நட்டு, நாள்தோறும் கூடி, இறுதியில் மன்மதன் எரிவது வரை அந்தக் கூத்து நடக்கிறது. ரதியும் மன்மதனும், வீரபத்திரனும், ஓலை கொண்டுவரும் தூதனும், பகலெல்லாம் மலையிலே வேலை செய்து களைத்த ஆட்கள்தாம். ஒத்திகைக்குத் தனி மண்டபமில்லை. எழுதிக் கொடுத்த ஏடும் பெரும்பாலும் இல்லை. கேட்டுக் கேட்டுக் கற்றதைச் சபை நடுவே பிழையின்றிச் சொல்லும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அக்கூத்தோடு உறவுடைய லாவணி என்னும் வழக்கு இன்னும் வியப்புக்குரியது. தஞ்சைப் புறத்திலே, காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மற்றொரு கட்சியும் தப்பிசைத்து இரவு முழுவதும் பாட்டிலே வாதிடும். எரிந்த கட்சி ஒரு கேள்வியைப் போட்டால், எரியாத கட்சி அதனை முதலில் எடுத்துச் சொல்லி, அதற்கு விடை கூறி, பின்னரே தன் கேள்வியைத் தொடுக்கவேண்டும். எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் விடை சொல்பவன் சபையிலே தோற்றவனாவான். பெரிய பல்கலைக்கழகங்களின் விவாத மன்றங்கள் கற்பிக்க முயலும் ஒழுக்கமும் இதுவே. மலையகத் தமிழரின் மூதாதையர் புறப்பட்டு வந்த ஊர்களிலே அதனை எழுத்தறியாதவர்கள் வளர்த்து வந்தனர். விவாதம் என்றால் அது ஆங்கிலப் பள்ளிக்கூடத்துப் பொருள் என்று எண்ணும் இளைஞர்க்கு இச்செய்தியைச் சொல்லித் தருதல் தகும்.

மேடைப் பேச்சு என்ற உருவத்துக்கும் ஈழத்திலே நல்ல தொடக்கம் உண்டு. 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் திகதி, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுக நாவலர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். வெசுலியன் மிசன் பள்ளியிலே பயின்றும் பயிற்றியும் வந்தவர் அவர். பாதிரிமாரின் பிரசங்க முறையைக் கூர்ந்து நோக்கி, அதனைத் தம் சமயத்துக்கும் தம் மொழிக்கும் உரியதாக்கிக்கொண்டார். அது நகரத்துக் கதை. தோட்டத்துக்கு மேடை வந்தது அடுத்த நூற்றாண்டிலேதான். கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை நேரிற் காணவேண்டித் துணி வியாபாரி போல வேடங்கொண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பர். அந்நியர் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று வழக்குத் தொடரும் காலம் அது. அவருடைய மனைவியார் மீனாட்சியம்மையின் பங்கு இன்னும் நினைக்கத்தக்கது. கூட்டம் தொடங்குமுன் அவர் பாடுவார். மக்கள் அறிந்த மெட்டிலே, மக்கள் அறிந்த துயரத்தைப் பாடுவார். பாட்டுக் கேட்டுக் கூட்டம் சேரும். சேர்ந்தபின் பேச்சு நடக்கும். 1930களிலே ஒரு பெண் தோட்டத் தொழிலாளர் முன் மேடையேறியமை சிறிய காரியமன்று.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே மலையகத் தமிழர் எழுவர் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பிற் பாராளுமன்றம் சென்றனர். பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா சென்றார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவனைத் தேடி மேடை வருவதில்லை. ஒரு தலைமுறை முழுவதும் தோட்டத்து மக்கள் சங்கக் கூட்டத்திலே கேட்போராய் இருந்தனரே அன்றி, நாட்டின் சபையிலே பேசுவோராய் இருந்திலர். பேச்சுப் பழக்கம் ஒரு குடியிலிருந்து அற்றுப்போவது இவ்வாறுதான்.

இன்று பேச்சுக் கற்பிப்பதாகச் சொல்லி நடப்பது யாது? பேச்சுப் போட்டி நடக்கிறது. ஆசிரியரோ மாமாவோ எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தைப் பிள்ளை மனனம் செய்கிறது. தலைமை வகிப்பவர், நடுவர், பெரியோர், தாய்மார் என்று நீண்ட விளிகளோடு தொடங்குகிறது. வலக்கை ஓரிடத்தில் உயர்கிறது. அதே கை ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே இடத்தில் உயர்கிறது. இடையிலே ஒரு சொல் மறந்தால் முழுப்பேச்சும் நின்றுபோகிறது. ஏனெனில் அது பிள்ளையின் பேச்சன்று. பரிசு பெற்ற பிள்ளையிடம் மறுநாள், “உன் தோட்டத்துக் குடிதண்ணீர்க் குழாய் எத்தனை நாளாய் உடைந்து கிடக்கிறது?” என்று ஒரு புதியவர் கேட்டால், அது தாயின் முந்தானைக்குப் பின் ஒளிந்துகொள்கிறது. இப்போட்டிகளை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்பதன்று. நாவுக்குத் திருத்தமும் நினைவுக்கு வலிமையும் அவற்றால் உண்டாகும். ஆனால் அதுவே பேச்சென்று மயங்கலாகாது.

வீட்டிலே கற்கும் வளரிளம் பிள்ளைகளுக்கு ஏற்ற பயிற்சிகள் செலவற்றவை. தூது சொல்லுதல் அவற்றுள் முந்தியது. மூன்று விடயங்கள் அடங்கிய ஒரு செய்தியை லயத்தின் மறுகோடியிலுள்ள பெரியம்மாவிடம் சொல்லி வரும்படி பிள்ளையை அனுப்பவேண்டும். பெரியம்மா தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். மூன்றில் இரண்டுதான் அங்கே சேர்ந்திருந்தால் குற்றம் பெரியம்மாவின் செவியிலன்று, பேசியவனிடத்திலே. இந்த நியாயத்தை ஒப்புக்கொள்வதற்கு இளைஞர்க்குச் சில நாட்கள் செல்லும். ஒப்புக்கொண்டபின் அவர்களுடைய வாக்கியங்கள் தாமே குறுகும், தாமே ஒழுங்குபடும்.

அதற்கடுத்தது, கண்டதையும் கேட்டதையும் எண்ணியதையும் பிரித்துச் சொல்லுதல். அடுப்படியில் அமர்ந்து, அன்று நடந்தவற்றுள் ஒன்றைச் சொல்லச் செய்யவேண்டும். “லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறது” என்றால், நீ கண்டாயா, எவரேனும் சொன்னாரா என்று கேட்கவேண்டும். கண்டது என்றால், எந்த இடத்தில், எத்தனை அடி நீளம், நேற்று இருந்ததா, கை நுழையுமா, விரல் நுழையுமா என்று கேட்கவேண்டும். “பெரிய வெடிப்பு” என்பது காரியாலயத்திலே ஒன்றையும் அசைக்காது. “கோயிலுக்கு மேல் இருபது அடி தூரத்தில், பத்தடி நீளம், கை நுழையும் அகலம், திங்கட்கிழமை இல்லை, புதன்கிழமை இருக்கிறது” என்பது அசைக்கும். அசைக்காவிட்டாலும், கேட்கவில்லை என்று பின்னர் எவரும் சொல்ல இடம் வையாது. அலங்காரப் பேச்சைக் காட்டிலும் இப்பேச்சு கடினமானது. உவமையைக் கடன் வாங்கலாம். அளவைக் கடன் வாங்க முடியாது.

மூன்றாவது பயிற்சிக்கு ஒருவர் அதிகாரியாக நடிக்கவேண்டும். பிள்ளைகள் இதனை மிகவும் விரும்புவர். துரையாக நடிக்க ஒவ்வொருவரும் முந்துவர். “நீ யார்? உன் வயதென்ன? பெரியவர்கள் எங்கே? இதற்கு உன்னை யார் அனுப்பினார்?” என்று அவர் இடைமறிக்கவேண்டும். பேசுகிற பிள்ளை சினம் கொள்ளாமலும் குழையாமலும் தன் செய்தியைச் சொல்லி, தன் வேண்டுகோளைச் சொல்லி, விடை என்று வரும் என்று கேட்டு நிறுத்தவேண்டும். இறுதியிலுள்ள அந்த ஒரு கேள்வியைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். குறையை உருக்கமாகச் சொல்லிக் கும்பிட்டுத் திரும்புவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. திகதி கேளாத வேண்டுகோள் மேசையிலேயே உறங்கும்.

பத்திரிகையை உரக்க வாசித்தலும் பழைய நல்ல வழக்கம். எழுத்தறியாத தாய்க்கு மகள் வீரகேசரி வாசிப்பாள். வாசித்தபின் தன் சொல்லிலே கதையைச் சொல்லுவாள். இங்கே ஒரு கருத்தை அழுத்திச் சொல்லவேண்டும். தோட்டத்துப் பேச்சிலுள்ள பெரட்டு, கொந்தரப்பு, அரைப்பேர், பிள்ளைக்காம்பரா முதலிய சொற்களைப் பிள்ளை உச்சரிக்கும்போது திருத்த முற்படலாகாது. அவை உழைப்பின் கணக்கைச் சொல்லும் சொற்கள். அரைப்பேர் என்ற சொல்லுக்குப் பதிலாக எந்த அழகிய தமிழைப் போட்டாலும், நாட்சம்பளத்திற் பாதி போயிற்று என்ற செய்தி அதில் இராது. சபைத் தமிழைக் கற்கட்டும். வீட்டுத் தமிழுக்கு வெட்கப்படாதிருக்கட்டும். அதனோடு, தன் வேண்டுகோளைச் சிங்களத்திலும் ஐந்து வாக்கியத்தில் சொல்லப் பழகுதல் ஊவாவிலே வாழும் பிள்ளைக்கு இன்றியமையாதது.

அச்சத்தை என்ன செய்வது? வள்ளுவர் அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமே வகுத்திருப்பதிலிருந்து, அவ்வச்சம் பழையது என்பது தெளிவாகும். காந்தியடிகள் இலண்டனில் மாணவராயிருந்தபோது, சிறு கூட்டத்தில் எழுதி வைத்ததைக்கூட வாசிக்க நாவெழாது நின்றவர். அந்தக் கூச்சமே சொற்களைச் சிக்கனமாய்ச் செலவிடத் தமக்குக் கற்பித்தது என்று தம் வரலாற்றிலே கூறியிருக்கிறார். 1927 ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்த அவர் பதுளையிலும் பேசினார். கூச்சமுள்ள பிள்ளையை முன்னே தள்ளிவிடுவதால் பயனில்லை. சொல்லத்தக்க ஒரு பொருளை அதன் கையிற் கொடுத்தால், கை நடுங்கினாலும் சொல் வெளிவரும். மழை தகரக் கூரையில் அடிக்கும்போது கத்திப் பயனில்லை என்பதைத் தோட்டத்துப் பிள்ளை நன்கறியும். ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் இடையே மூச்சு விட்டு, மெல்ல, கடைசி இஸ்தோப்பைப் பார்த்துப் பேசவேண்டும். அதுவே மண்டபத்துக்கும் பொருந்தும்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். கொழுந்து பறிப்போர் பெண்கள்; அவர்களுக்காகப் பேசுவோர் பெரும்பாலும் ஆண்கள். மலையிலே கால்வைத்து ஏறி இறங்குகிறவளுக்கு எந்தச் சரிவிலே புதிதாய் நீரூற்றுப் புறப்பட்டது, எந்த மரம் சாய்ந்தது, எந்த ஓடையின் நீர் கலங்கியது என்பது முதலில் தெரியும். மண்சரிவுக்கு முற்குறிகளாக அறிவியலாளர் சொல்லுவனவும் இவையே. அறிந்தவள் ஒருத்தி, பேசுகிறவர் வேறொருவர் என்றிருப்பதால், இடையிலே நாட்கள் கழிகின்றன. இப்பயிற்சிகளில் முதலிடம் பெண்பிள்ளைகளுக்கு என்றால் அது சலுகையன்று, சிக்கனம்.

மலைச்சரிவுக் குடியிருப்புக்களுக்கென எளிய மழைமானிகள் இருக்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள அளவு எவர்க்கும் விளங்கத்தக்கது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்கவேண்டும். 100 மில்லிமீற்றரை எட்டினால் புறப்பட ஆயத்தமாயிருக்கவேண்டும். 150 மில்லிமீற்றரைக் கடந்தாலும், ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்தாலும், வெளியேறிவிடவேண்டும். அந்த அளவைப் பார்த்து நாள்தோறும் மாலையில் லயத்தின் நடுவே நின்று சொல்லும் பொறுப்பை ஒரு பதினாறு வயதுப் பிள்ளையிடம் கொடுக்கலாம். இன்றைய மழை இவ்வளவு, நேற்றையது இவ்வளவு, மேற்சரிவில் கண்டது இது, இரவில் எவர் விழித்திருப்பது என்ற நான்கு வாக்கியம் போதும். வெயில் நாட்களிலும் அது சொல்லவேண்டும், சிரிப்பவர் சிரிக்கட்டும். மழையில்லாத நூறு மாலைகளில் அப்பிள்ளையின் குரலுக்குச் செவி பழகியிருந்தால்தான், நூற்றோராவது இரவில் அது வந்து கதவைத் தட்டி “எழும்புங்க, வெளியில வாங்க” என்னும்போது, கிழவரும் குழந்தையைத் தூக்கிய தாயும் காரணம் கேளாமல் எழுந்து வருவர்.